சாய்ஸில் விட்ட பாடம்

நேற்று என் மகளின் வேதியியல் புத்தகத்தைப் புரட்டினேன். இன்டர் இரண்டாம் ஆண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மின்வேதியியல் பாடத்தின் தலைப்பில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "அத்த சாய்ஸ்ல உட்டுட்டேன் நைனா" என்றாள். புத்தகத்தை மூடி வைத்தேன். உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பாலசமுத்திரத்திலிருந்து நாம் இருவரும் வந்து திருச்சானூரில் ஒரே அறையில் தங்கி இன்டர் படித்தோமே, அந்த மார்ச் மாதம். ஊரில் அப்போது வீட்டுக்கு வீடு குவைத் பேச்சு. உன் நைனா உனக்குப் பாஸ்போர்ட்டே எடுத்து வைத்துவிட்டார். விசா ஏஜெண்டு வாரந்தோறும் உங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனான். "பாஸாயிட்டா டிகிரி படி, போச்சுன்னா ப்ளேன் ஏறு" என்று உன் நைனா சிரித்தபடிதான் சொன்னார். நீ சிரிக்கவில்லை. மற்ற பாடங்களில் உனக்குக் கவலையில்லை. கெமிஸ்ட்ரி என்றால் மட்டும் பயம்.

வினாத்தாளில் சில கேள்விகளை எழுதாமல் விடலாம் என்பதால், சில பாடங்களை அப்படியே கழித்துவிடுவது எல்லாரும் செய்கிற வேலைதான். பழைய வினாத்தாள்களைப் பரப்பி வைத்து, இதே மின்வேதியியலுக்குத் தீர்ப்புச் சொன்னவன் நான்.

"போன வருசம் நெறய வந்துட்ச்சி. இந்த வாட்டி வராது, உட்டுடு."

"நீயும் உட்டுடுவியா?"

"ரெண்டு பேருந்தான்டா."

பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு எனக்குப் பயம் வந்துவிட்டது. நீ மெஸ்ஸுக்குப் போகும் நேரம் பார்த்து அதே பாடத்தைப் படித்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டதும் பக்கத்தை மாற்றினேன். சொல்லியிருந்தால் நீயும் படித்திருப்பாய். உன்னைவிட நாலு மார்க் கூட வாங்க வேண்டும் என்கிற அற்பத்தனம். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

அந்தப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. நான் இரண்டையும் எழுதினேன். நீ மூன்றே மார்க்கில் தவறினாய். சப்ளிமெண்டரி எழுதுகிறேன் என்று கெஞ்சினாய். அதற்குள் விசா வந்துவிட்டது. இரண்டாவது கோடையில், ஆடு மேய்த்த இடத்தில் வெயில் தாங்காமல் விழுந்தாய் என்று தகவல். பெட்டியில் வந்தாய். உன் நைனா என்னைக் கட்டிக்கொண்டு, "அது ஒண்ணு பாஸாயிருந்தா இங்கயே இருந்திருப்பானேப்பா" என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி சொல்வதற்கு ஆளில்லை.

அன்று கெமிஸ்ட்ரி பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "உனுக்கும் அது போச்சாடா?"

"போச்சுடா" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். நீ என் தோளில் கை போட்டு, "கவலப்படாத, ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம்" என்று என்னைத் தேற்றினாய். வழியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாய். நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.