கை நனைக்காமல் வந்தவள்

கோட்-டெ-நெய்ஜ், மொன்ட்ரியால்
9 யூன் 2025

என்ரை குணத்துக்கு,

நீ சுகமாய் இருக்கிறாய் எண்டுதான் நினைக்கிறன். போனை எடுத்திருந்தால் உன்னட்டையே கேட்டிருப்பன். மூண்டு கிழமையாய் அடிக்கிறன், எடுக்கிறாய் இல்லை. அதுதான், கலியாணம் முடிச்சு நோர்வேயை விட்டு இஞ்சை வந்த புதிசிலை எழுதினமாதிரித் திரும்பவும் பேனையைத் தூக்கியிருக்கிறன். எழுத்துக் கோணல் எண்டால் பொறுத்துக்கொள்.

பேர்கன் என்ன வடிவான ஊரடி. நீ முப்பது வருசமாய் அங்கை இருக்கிறாய், ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அறுபது எண்டு மகள் சாம்பவி நாலு நாளுக்கு ரிக்கற் போட்டுத்தர, ஆஸ்பத்திரி லோன்றியிலை என்னோடை வேலை செய்யிற றோசலினும் ஒட்டிக்கொண்டாள். ஊர் சுத்திக்காட்டிற பெட்டை ஒருத்தி குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு எங்களைக் கடை கடையாய்க் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடவைச்சாள். துறைமுகத்து மரவீடுகளுக்குப் பின்னாலை வெள்ளை மீன் சூப், பேந்து கறுவாப் பணிஸ், மண்ணிறச் சீஸ். சூப்புக்கு மிளகு காணாது எண்டு நான் சொல்ல, பாவம், அதை எழுதியும் வைச்சாள்.

சாம்பவி இல்-பிசாருக்குக் குடிபோனபிறகு அவளின்ரை அறை சும்மா கிடக்குது. அயர்ன் மேசையை அதுக்கை விட்டிருக்கிறன். அங்கை பஸ்ஸும் ஒழுங்காய் இல்லை, அவள் வந்து ஏத்தினால்தான் பேரப்பிள்ளையளைப் பாக்கலாம்.

கடைசிநாள் உன்னட்டை வந்ததும் மனதுக்கு ஆறுதல். அரை மணித்தியாலம் எண்டாலும் வந்தன்தானே. என்னிலை ஏதும் கோவமோ?

உன்ரை
ஞானம்


பேர்கன்
24 யூன் 2025

ஞானாம்பிகைக்கு,

கோவமோ எண்டு கேட்டிருக்கிறாய். ஓம், கோவம்தான்.

என்ரை ஊருக்கை திரிஞ்சுபோட்டு மூண்டாம் நாள் பின்னேரம்தான் எனக்கு ரெலிபோன் எடுத்தாய். அதுக்கும் நான் ஒண்டும் சொல்லேல்லை. உடனை மீன்கடைக்குச் சொல்லிவைச்சு, விடியப் போய்த் தலையோடை கொட் மீன் வாங்கினன். நோர்வே வடக்கிலை மீன் பக்டறியிலை நீயும் நானும் மீன் வெட்டின காலம், சும்மா தாற தலையளைக் கொண்டுவந்து சொதி வைப்பமே, வீட்டுக்காரி யன்னல் எல்லாம் திறந்துவிடுவாளே, அந்தச் சொதி. என்ரை மனிசன் போனபிறகு மேசையிலை ரெண்டு சோத்துக் கோப்பை வைச்சது அண்டைக்குத்தான்.

நீ வந்தாய். றோசலினைக் கீழை பஸ் தரிப்பிலை, மழைக்கை நிப்பாட்டிப்போட்டு வந்தாய். கதிரை நுனியிலை இருந்தாய். அவரின்ரை படத்தைப் பாத்து அழுதாய். ஊரெல்லாம் திண்டு திரிஞ்சவள் என்ரை வீட்டிலை பச்சைத்தண்ணி குடிக்கேல்லை. திடீரெண்டு எழும்பினாய். போட்டு வாறன் எண்டு ஒரு சொல் இல்லை, திரும்பியும் பாக்கேல்லை. லிப்ற் கதவு சாத்துமட்டும் நான் வாசலிலை நிண்டன்.

அந்தச் சொதியை மூண்டு நாள் தனியச் சாப்பிட்டன்.

குணேஸ்வரி


மொன்ட்ரியால்
11 யூலை 2025

குணம்,

உன்ரை கடிதத்தை லோன்றியிலை மத்தியானச் சாப்பாட்டு நேரம் வாசிச்சன். சாப்பாட்டுப் பெட்டியை மூடிப்போட்டன்.

நான் முறை எண்டுதான் அப்பிடிச் செய்தனான். இரவி அண்ணை செத்தபிறகு உன்ரை வாசல்படி மிதிச்சது அதுதான் முதல்தரம். துக்கம் விசாரிக்கப் போற வீட்டிலை கை நனைக்கிறேல்லை, வெளிக்கிடேக்கை போட்டு வாறன் எண்டு சொல்லுறேல்லை, திரும்பிப் பாக்கிறேல்லை. இன்னொருக்கால் அந்த வீட்டுக்குத் துக்கத்துக்கு வரக்கூடாது எண்டுதானே. நீ சமைச்சு வைச்சிருப்பாய் எண்டு நினைக்கேல்லை. உள்ளுக்கை வரத்தான் மணத்தது. என்ன சொதி எண்டும் தெரிஞ்சது. பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

முதல் ரெண்டு நாளும் ஏன் உனக்குப் போன் அடிக்கேல்லை எண்டும் சொல்லுறன். ஊர் சுத்தவந்த காலோடை துக்கம் விசாரிக்க வாறதோ எண்டு வெக்கம். அதுக்கு அடியிலை இன்னொண்டும் கிடக்குது. போன வருசம் மாசியிலை, இரவி அண்ணையின்ரை செத்தவீட்டுக்கு வர லீவு தரமாட்டினமாம் எண்டு உனக்குச் சொன்னன். அது பொய். லீவிலைதான் நிண்டனான். சாம்பவி குடும்பத்தோடை கூபாவிலை, கடற்கரை ஹோட்டலிலை. பேரப்பிள்ளையளை விட்டிட்டு வர மனம் வரேல்லை. அந்தக் கடற்கரையிலை இருந்துகொண்டுதான் உனக்குப் போனிலை அழுதன்.

என்ரை மனிசன் போனபோது நீ மூண்டு பிளேன் மாறி வந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் என்ரை குசினியிலை சமைச்சுக்கொண்டு நிண்டனி. அதை நினைக்க நினைக்க உன்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்தது. வராத குறையை முறையாலையாவது நிரப்புவம் எண்டு நினைச்சன். மடைச்சி நான்.

என்னை மன்னிச்சுக்கொள்.

ஞானம்


பேர்கன்
2 ஓகஸ்ட் 2025

ஞானம்,

கூபா எனக்குத் தெரியும். சாம்பவி போட்ட படத்திலை நீ பெரிய தொப்பியோடை பின்னாலை நிண்டாய். செத்தவீடு முடிஞ்ச மற்றநாள் பாத்தன். ஒரு கிழமை உன்னை நல்லாய்த் திட்டினன், பேந்து விட்டிட்டன். பேரப்பிள்ளையளோடை நிண்டவளை என்னெண்டு கோவிக்கிறது. அவர் இருந்திருந்தால் சிரிச்சிருப்பார்.

முறையும் எனக்குத் தெரியும். ஆனால் வருசம் திரும்பி ஆட்டத்திவசம் முடிஞ்சு மூண்டு மாசத்துக்குப் பிறகல்லோ நீ வந்தனி. துக்கம் விசாரிக்க பேர்கன் தமிழ்ச்சனம் முழுக்க வந்தது. எனக்கு நீ சிநேகிதியாய் வரவேண்டியிருந்தது.

உன்னட்டை ஒண்டு கேக்கத்தான் மேசை போட்டனான். துரோம்சோவிலை தன்னோடை வந்து இருக்கச் சொல்லி வினோஜா கனகாலமாய் நெருக்கிறாள். மகள்தான், எண்டாலும் அந்த வடக்கு இருட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை. பக்டறிக் காலத்திலை, கிழவியளான பிறகு ஒரே குசினியிலை நிண்டு சண்டைபிடிப்பம் எண்டு சொல்லுவமே. ஆறு மாசம் வந்து உன்னோடை நிண்டு பாக்கட்டோ எண்டு கேக்க இருந்தன். நீ ரெண்டாந்தரம் சொதி விடச் சொல்லேக்கை கேப்பம் எண்டு மனதுக்கை வைச்சிருந்தன். நீ தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போக, எனக்கு இனி இவளட்டை ஒண்டும் இல்லை எண்டு விளங்கிக்கொண்டன். அடுத்த கிழமை வினோஜாவுக்கு ஓம் எண்டு சொன்னன். பேந்துதான் உன்ரை முதல் கடிதம் வந்தது, அறை சும்மா கிடக்குது எண்டு. அதை எத்தினைதரம் வாசிச்சன் எண்டு தெரியாது.

வீடு வித்தாச்சு. இந்த மாசக் கடைசியிலை வெளிக்கிடுறன். இப்ப கோவம் இல்லை, ஞானம். ஆனால் இனிக் கேக்கவும் மாட்டன்.

குணம்


மொன்ட்ரியால்
19 ஓகஸ்ட் 2025

குணம்,

நேற்று அயர்ன் மேசையை அந்த அறையாலை எடுத்து வெளியிலை வைச்சன். யன்னலையும் துடைச்சன். ஆரும் வருகினமோ அம்மா எண்டு பின்னேரம் வந்த சாம்பவி கேட்டாள். இல்லைப் பிள்ளை எண்டு சொன்னன்.

வா எண்டு எழுதி ரெண்டு பேப்பர் கிழிச்சுப்போட்டன். வீட்டையும் வித்து, மகளுக்கு வாக்கும் குடுத்தவளை எந்த வாயாலை கூப்பிடுறது. அறை இருக்குது, நீ கேக்கத் தேவையில்லை எண்டு மட்டும் எழுதிறன். மே மாசத்திலை நான் ஒரு கோப்பை சோறு சாப்பிட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

இந்தக் கடிதம் வரேக்கை நீ சாமான் கட்டி முடிச்சிருப்பாய். சிலவேளை போயுமிருப்பாய். எண்டாலும் துரோம்சோ விலாசத்தைக் கேட்டு அதுக்கு அனுப்ப மனம் வரேல்லை. அண்டைக்குச் சொல்லாமல் போனதை அந்தப் பழைய வாசலிலை நிண்டுதான் நான் சொல்லவேணும்.

போட்டு வாறன், குணம்.

ஞானம்