ஈரச் சட்டையோடு போனவன்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த வாண்டும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, எனக்கு அவரைத் திட்டித் திட்டி வாய்வலி, மற்றபடி உயிரோடு இருக்கிறோம். போனில் பேசினால் யார் யார் ஒட்டுக்கேட்கிறார்களோ என்று பயம், அதனால்தான் உன் பக்கம் வருகிற எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் தம்பி வீட்டில் இல்லை, குண்டு வைக்கிறவர்களோடு போய்விட்டான். அவனோடு ஒட்டிக்கொண்டே திரிந்தானே நெட்டையன், அவனைச் சோதனைச்சாவடியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அடையாள அட்டையை எடுக்கத்தான் பையில் கைவிட்டானாம். பக்கத்தில் நின்ற நம் பிள்ளையை உள்ளே வைத்து அடித்தார்கள். வெளியே வந்தவன் நடந்ததைச் சொல்கிறேன் என்று போலீசுக்கும் கோர்ட்டுக்கும் நாயாக அலைந்தான், ஒருவரும் காது கொடுக்கவில்லை, செத்தவனே தீவிரவாதி என்று எழுதி கேஸை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு எவனோ ஒரு பாவி வந்து இவன் தோளில் கைபோட்டு, நீ சொல்லு தம்பி நான் கேக்கிறேன் என்றிருக்கிறான். அது போதாதா? எனக்கு அரசல்புரசலாகத் தெரிந்ததும் என்ன செய்தேன் தெரியுமா, ஆஸ்பத்திரி சலவைக்காரி புத்தி வேறெங்கே போகும், அவனுடைய சட்டைகளை எல்லாம் அள்ளித் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டேன். துணி இல்லாமல் எப்படிப் போவான் என்று நினைத்தேன். ஒன்றைப் பிழிந்து, உதறி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, வரேம்மா என்று போய்விட்டான். சளி பிடிக்கும்டா என்றுதான் என் வாயில் வந்தது. பிள்ளை எங்கே போகிறான் என்று தெரிந்தும் அதைத்தான் சொன்னேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீ அங்கே போன பிறகு இங்கே பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்ததே, அன்றைக்கு வந்த படுக்கை விரிப்புகளை நான்தான் அலசினேன். ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் போகவே போகாது. அலச அலசத் தண்ணீர் வெளுக்கவே இல்லையடி. அங்கே பழம் விற்கிற அம்மாவின் மகளும் அன்றைக்குத்தான் செத்துப்போனாள், பள்ளிக்கூடம் விட்டு அம்மாவிடம் வந்த குழந்தை. அந்தப் பாவத்தில் நம் பிள்ளைக்குப் பங்கில்லை, அப்போது அவன் வீட்டில்தான் இருந்தான், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் நாளைக்கு?

அதனால் ராத்திரி வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலெல்லாம் கடைத்தெருவில் இருக்கிறேன், பொழுது சாய்ந்தால் பேருந்து நிலையத்தில் அந்தப் பழக்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நான் யாரைப் பெற்றவள் என்று அவளுக்குத் தெரியாது. ஏன்க்கா தினமும் இப்படி வந்து காத்துக் கிடக்குறீங்க என்று கேட்டு ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள், தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ரயில் நிலையத்தில். எதற்குத் தினமும் வருகிறாய் என்று போலீஸ்காரர் மிரட்டியதற்கு, என் பொண்ணு வராய்யா என்று உன்னைச் சொல்லித் தப்பித்திருக்கிறார் மனுஷன். நீ வந்துவிடாதே, சொல்லிவிட்டேன். கூட்டத்தில் பெற்றவளைப் பார்த்தால் குண்டை வைக்க அவனுக்குக் கை வராது, அது ஒன்றுதான் எங்கள் நம்பிக்கை. போலீசில் காட்டிக்கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன், நெட்டையன் முகம் கண்முன்னால் வந்து நிற்கிறது.

உன் நம்பர் அவனுக்கு மனப்பாடம், என்றைக்காவது கூப்பிடுவான். அழாதே, புத்தி சொல்லாதே. அம்மா பகலில் கடைத்தெருவிலும் சாயங்காலம் பேருந்து நிலையத்திலும் இருக்கிறாள் என்று மட்டும் சொல். வேண்டாம், வேண்டாம், நேரத்தையும் இடத்தையும் சொல்லிவிடாதே, நான் இல்லாத இடமாகத் தேடிப் போய்விடுவான். எங்கே கூட்டம் இருக்கிறதோ அங்கே அம்மா இருக்கிறாள் என்று சொல். மறந்துவிடாதே, தாயே.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உனக்கும் உன் தம்பிக்கும்
அம்மா