அழற்சி என்றால் அழுகை இல்லையாம்

பரந்தன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

இங்கே என் இரண்டு கண்களைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே மெல்பேர்ன் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாய், அதனால்தான் பக்கத்து வீட்டு வினோதன் உனக்குக் கொண்டுவரும் மிளகாய்த்தூள் பொதிக்குள் இதை வைத்திருக்கிறேன்.

நீ கண் அழற்சி பற்றி ஆராய்ச்சி செய்கிறாய் என்று சொன்னபோது நான் அதை அழுகிற நோய் என்றே நினைத்துவிட்டேன். என் மகள் அழுகையைப் படிக்கிறாள், ஆட்களின் கண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆராய்கிறாள் என்று சங்கக்கடை வரிசை முழுக்கப் பெருமையடித்தேன். அழற்சி என்றால் சிவந்து எரிவது என்று உன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தாலும் என்னைத் திருத்தத் துணிந்திருக்கமாட்டார். அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது. தவராசா மாமாவின் செத்தவீட்டில் எல்லோரும் குழறி அழ, கூடப்பிறந்த எனக்கு ஒரு சொட்டு வரவில்லை பிள்ளை. கண் மண் விழுந்ததுபோல் எரிந்ததே தவிர நனையவில்லை. முன்வீட்டுச் சாரங்கா பந்தலுக்கே கேட்க, மகள் அங்க அழுகையைப் படிக்கிறாளாம், தாய்க்கு இங்க அழவே தெரியேல்லை என்றாள். உன் மாமி, என் மச்சாள், அதைக் கேட்டுவிட்டு, தமையனுக்கே கண்ணில ஈரமில்லாதவள் என்று சொன்னா. அதோடு என்னுடன் கதை இல்லை.

பிறகு கண் டொக்டரிடம் போனேன். கீழிமைக்குள் ஒரு கடதாசித் துண்டைக் கொழுவிக் கண்ணை மூடச் சொன்னார். எடுத்தால் நுனி மட்டுந்தான் ஈரம். அம்மா, உங்கட கண்ணில ஈரமில்லை என்றார் அவரும். இதை மச்சாள் கடதாசி இல்லாமலே கண்டுபிடிச்சிட்டா டொக்டர் என்றேன், பாவம், அவருக்கு விளங்கவில்லை. நீ சொன்னாயே, மெல்லிய தாளை வெள்ளைமுழியில் ஒற்றினால் உயிர்க்கலங்கள் ஒட்டிவரும், சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வழுவழுப்பைச் சுரக்கும் கலங்கள் குறைந்தது தெரியும், கண்ணீருக்குள் அழற்சியைக் காட்டும் புரதங்களை அளக்கலாம் என்று, அதையெல்லாம் எனக்கும் செய்யுங்கோ என்று கேட்டேன். அது மகளின்ர ஆய்வுகூடத்தில, இங்க கடதாசிதான் அம்மா என்று சிரித்து, செயற்கைக் கண்ணீர் என்றொரு சொட்டுமருந்து தந்தார். நான் அதைக் கள்ளக் கண்ணீர் என்கிறேன்.

மாமாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அழைப்பு வரவில்லை, தமையன் வீடுதானே என்று நானே போனேன். குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த மாமி நிமிரவில்லை. நான் மூலைக் கதிரையில் அமர்ந்து மருந்தை விட்டேன், முதல் சொட்டு மூக்கில், அடுத்தது காதுக்குள். மாமி கத்தியை வைத்துவிட்டு வந்து, தெரியாட்டி விடாதை, தலையை நிமித்து என்று போத்தலைப் பறித்தா. இதென்ன மருந்து என்று கேட்டா. கண்ணீர் மச்சாள், என்னட்ட இல்லை, அதால கடையில வாங்கிறன் என்றேன். அவா போத்தலை ஒரேயடியாக அழுத்த, மருந்து கன்னமெல்லாம் வழிந்தது. சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டபடி, உன்ர அண்ணர் கடைசியா உன்னைத்தான் கேட்டவர் என்று மாமி அழுதா. எட்டிப்பார்த்த சாரங்கா, தங்கச்சிக்கு இப்பத்தான் அழுகை வந்திருக்கு என்று அறிவித்தாள். நான் மறுக்கவில்லை. மாமி துடைத்தது மருந்தோ கண்ணீரோ எனக்கே தெரியாது, பிரித்துச் சொல்ல உன்னிடம் மெஷின் இருந்தாலும் சொல்லாதே.

நுணுக்குக்காட்டியையே பார்த்துக்கொண்டிராமல் இடைக்கிடை கண்ணை இமைத்துக்கொள், என் கண் உனக்கு வரக்கூடாது. மாமிக்கு ஒரு போன் கோல் எடு, மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் எந்தக் குறையுமின்றி நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
கண்ணில் ஈரமில்லாத
உன் அம்மா