பின்சக்கரத்து டிரம்

தாபோடி,
புனே-12.
19 ஆகஸ்ட் 1984, ஞாயிறு

அன்பு மகன் ஜோசப்ராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னை மஸ்கட்டில் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் உயிரோடு இருக்கிறோம், சாப்பிடுகிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கடிதத்தை எல்லாம் நீ உன் அறைக்கூட்டாளி ஸ்வாமிநாதனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். இதை அப்படிக் கொடுக்காதே. கான்வென்டில் இங்கிலீஷும் இந்தியும் படித்ததில் உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதற்காகத்தான் எழுத்தைப் பெரிது பெரிதாக இடம் விட்டு எழுதுகிறேன். இரண்டு நாள் ஆனாலும் சரி, விரலை வைத்து நீயே படி.

உன் தங்கை மில்ட்ரெட்டுக்கு ஏழாம் மாதம். கால் வீங்குகிறது, உப்பைக் குறை என்றால் கேட்கிறாளா, வடாபாவ் வாங்கி வரச்சொல்லி மாப்பிள்ளையை விரட்டுகிறாள். பிரசவம் இங்கேதான். மழை இந்த வருஷம் விட்டபாடில்லை, வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் ஒரு நாற்றம். நீ அனுப்பிய சட்டைத்துணியை அப்பா இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருப்பதால் அளவெடுக்க முடியாது என்று சாக்குச் சொல்கிறார். மாவுக்கட்டு என்றதும் பதறாதே. எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது, ஆறு வாரத்தில் பிரித்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்படி விழுந்தார் என்பதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், சொல்லாமல் விடவும் முடியாது. உன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார்.

ஆமாம், அதே பி.எஸ்.ஏ.தான். பட்டாளத்து ஏலத்தில் நீ எடுத்து, விளக்கைக் கழற்றி, புகைக்குழாயை மேலே தூக்கிக் கட்டி, மேட்டிலும் சேற்றிலும் ரேஸ் ஓட்டினாயே அதே வண்டி. நீ போனபிறகு பின்கட்டில் தகரத்துக்கு அடியில் கிடந்தது. அப்பா போன வருஷம் ஃபாக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன மறுவாரமே தகரத்தை நகர்த்திவிட்டு அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உனக்கு எழுதக்கூடாது, ஓடவைத்துவிட்டு ஃபோட்டோ அனுப்பலாம் என்று என் வாயை அடைத்துவிட்டார். அன்றிலிருந்து புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஜூனா பஜார்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில் பேன்ட்டோடு பழைய இரும்புக் குவியல் நடுவே குந்தி உட்கார்ந்து கிளறுவார், அந்தப் பேன்ட்டின் முட்டியில் துரு போகவே இல்லை. கார்புரேட்டர் ராஸ்தா பேட்டில் ஒரு கடைப் பரணில் கிடைத்தது. பெட்ரோல் டாங்க் தளேகாவில் ஒரு விவசாயி வீட்டில் டீசல் ஊற்றிவைக்கும் பாத்திரமாக இருந்தது, அதற்கு மூன்று தடவை லோக்கல் ரயிலில் போய் அவர் மனைவியிடம் கெஞ்சி வாங்கிவந்தார். ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டது. சேராதது ஒன்றே ஒன்று, பின்சக்கரத்து டிரம்.

அதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பிரேக் பிடிக்கிற டிரம்மும் செயின் ஓடுகிற பல்லும் ஒரே வார்ப்பு. பல் மட்டும் என்றால் லேத்தில் வெட்டிவிடலாம், இது அப்படி இல்லை. அட்டையில் அதேபோல வட்டமாக வெட்டி, பையில் போட்டுக்கொண்டு போய்க் கடைகடையாகக் காட்டினார். இந்த மாடல் நின்று எத்தனையோ வருஷம் ஆச்சு சாஹேப் என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இந்த வண்டியைச் செய்த இங்கிலாந்துக்கே கடிதம் போட்டோம். அவர் படம் வரைந்து தந்தார், நல்ல இங்கிலீஷில் எழுதியது நான். என் கையெழுத்துத்தான் அழகாக இருக்குமாம். நாலு விலாசத்துக்கு நாலு கடிதம் நான் எழுதினேன், இதை மனதில் வைத்துக்கொள். ஒரே ஒரு பதில் வந்தது, அந்தப் பாகம் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது, கம்பெனியே இப்போது இல்லை, வருந்துகிறோம் என்று. அதை மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியில் கசார்வாடியில் பட்டறை வைத்திருக்கிற இருதயராஜைப் பிடித்துப் புதிதாக ஒன்று வார்க்கச் சொன்னார். ஐயா, இது பார்வைக்குத்தான், மாட்டி நிறுத்திவையுங்கள், ஏறி ஓட்டாதீர்கள் என்று அந்த மனுஷன் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். உன் அப்பா கேட்கிற ஆளா. இரண்டு வாரத்துக்கு முன்னால், மழை கொஞ்சம் விட்டிருந்த காலையில், ஆற்றோர மண்பாதையில் எடுத்து ஓட்டினார். பிரேக்கை மிதித்ததும் டிரம் இரண்டாகப் பிளந்து சக்கரம் இறுகிக்கொண்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் சேறு, ஐம்பத்தொன்பது வயது மனுஷன். என்னைப் பார்த்து அவர் முதலில் சொன்னது, அடுத்த வார்ப்பைக் கொஞ்சம் தடிமனாகப் போடச் சொல்லவேண்டும் என்பதுதான். அடுத்த வார்ப்பாம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வலிக்கவில்லை ஈனிட் என்று அவர் என்னைத் தேற்றினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜோசப்ராஜ், அன்றைக்குக் காணாமல்போன அந்த டிரம்மை எடுத்தது உன் அப்பா இல்லை. நான்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம், பாஷாண் பக்கம் நடக்க இருந்த ரேஸுக்கு மூன்று நாள் முன்னால் பின்சக்கரத்தைப் பிரித்து வராந்தாவில் நியூஸ்பேப்பர் மேல் பரப்பிவைத்திருந்தாயே, நினைவிருக்கிறதா. அதற்கு முந்தின ரேஸில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டு வந்தவன் நீ. கழுத்துக்கு இன்னும் அரை அங்குலம் என்று டாக்டர் கையை வைத்துக் காட்டினார், அந்த அரை அங்குலம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வாரம் முழுக்க நீயும் அப்பாவும் சண்டை, இதையெல்லாம் பழைய இரும்பு வாங்குகிற பங்கார்வாலாவிடம் தூக்கிப் போடுவேன் என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கத்துவது அவர் பழக்கம். செய்வது என் பழக்கம். காலையில் ஸ்கூலுக்குப் போகும்போது டிரம்மை நோட்டுப் பைக்குள் போட்டு எடுத்துப்போய் ஸ்டாஃப் ரூம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ரேஸ் முடிந்த திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக அவ்வளவுதான். பார், நான் சத்தியம் பண்ணுகிறேன். அவர் பண்ணவில்லை.

அன்றைக்கு நீ மேஜையிலிருந்த பைபிளை எடுத்துவந்து நடுவீட்டில் நீட்டி, இதில் கையை வைத்து நீங்கள் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள் என்றாய். ஆணையிடவே கூடாது என்கிற வேத வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவர் எதற்கும் ஆணையிடமாட்டார் என்பது உனக்கும் தெரியும். கோர்ட்டில் சாட்சிக்குப் போனபோதுகூடச் சத்தியம் வேண்டாம், உறுதிமொழி சொல்கிறேன் என்று நின்றவர். எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை, அதற்கு மேல் சொல்லமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கட்டின கையைப் பார்த்து நீ முடிவு பண்ணிவிட்டாய். நான் சமையலறை வாசலில் அரிசிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டடி எடுத்துவைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், மறுநாள் நீ வீட்டில் பேச்சை நிறுத்தினாய், இரண்டு மாதத்தில் விசா வந்தது. மில்ட்ரெட் கல்யாணத்துக்கு வந்து மூன்று வாரம் இருந்தாய், அப்பாவிடம் சொல்லவேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லி அனுப்பினாய். கல்யாண ஃபோட்டோவில் அவர் ஒரு கோடியில், நீ மறுகோடியில். நடுவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், அந்த ஃபோட்டோவை என்னால் பார்க்க முடிவதில்லை.

டிரம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஸ்கூல் மணியாக இருந்த தண்டவாளத் துண்டை யாரோ திருடிப் போனார்கள். அலமாரியில் இதைப் பார்த்த பியூன் பரமசிவம், டீச்சர், இது நல்லாச் சத்தம் குடுக்கும், கட்டிக்கட்டுமா என்று கேட்டான். வீட்டுக்குக் கொண்டுபோகவும் தைரியமில்லை, எறியவும் மனமில்லை, கட்டிக்கோ என்றுவிட்டேன். ஐந்தரை வருஷம், ஒரு நாளைக்கு எட்டுப் பீரியட். அவர் கடைகடையாய் அலைகிறார், நான் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதுகிறேன், அது என் வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தில் தொங்குகிறது. நான் எப்படிப்பட்டவள் என்று நீயே சொல்லிக்கொள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த திங்கட்கிழமை பரமசிவத்தைவிட்டு அவிழ்க்கச்சொல்லி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வராந்தாவில் நியூஸ்பேப்பர் விரித்து, அதே இடத்தில் வைத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நம் மகன் விழக்கூடாது என்று எடுத்தேன், உங்களை விழவைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் உட்கார்ந்து இடது கையால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியால் ஒரே இடத்தில் அடித்து அடித்து நாலு பல் உடைந்திருந்தது. அந்த இடத்தை விரலால் தடவினார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இவ்வளவு வருஷமும் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேவா பாடம் நடத்துன, ஈனிட்?” என்றார்.

அப்புறம் நான் உனக்கு எழுதப்போகிறேன் என்றதற்குத்தான் கோபம் வந்தது. “அவனுக்கு எழுதாத. என்னைத்தான் அவனுக்கு ஆகாது, அது பழகிட்டு. நீயாவது அவனுக்கு இருந்துட்டுப் போ” என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் சொல்லி நான் மீறியது என்று ஒன்றிரண்டுதான் உண்டு. இதையும் மீறுகிறேன். அவர் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார், எழுந்திருப்பதற்குள் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இருதயராஜ் வந்து பார்த்துவிட்டு, உடைந்த இடத்தில் பித்தளை உருக்கி ஏற்றி அரம் போட்டால் பல் வந்துவிடும், வார்ப்பு அசல் என்பதால் தாங்கும் என்றார். ஏற்றியும் கொடுத்துவிட்டார். இப்போது அப்பா மாலையில் முக்காலியில் உட்கார்ந்து இடது கையால் அரத்தை ஓட்டுகிறார். ஒற்றைக் கையால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு ராவ முடியாது, அதனால் நான் எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் திருப்பு என்பார், திருப்புவேன். இரண்டு பல் ஆகியிருக்கிறது.

நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்கமாட்டேன், உனக்கு எப்போது முடியுமோ அப்போது. கோபம் இருந்தால் எனக்கு எழுதாதே, மாதக்கணக்கில் எழுதாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் அப்பாவுக்கு எழுது. இங்கிலீஷ் வேண்டாம், தமிழிலேயே எழுது, தப்பும் தவறுமாக இருந்தாலும் இந்த ஒரு தடவை நான் திருத்தமாட்டேன். வெயிலில் தலையில் துணி போடாமல் சைட்டுக்குப் போகாதே. குளிர்ந்த தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்காதே. வேளைக்குச் சாப்பிடு, ஜெபம் பண்ண மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னைச் சமாதானத்தோடு இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கவரின் மேல் என் பெயரைப் போடாதே. எங்கள் தபால்காரர் கேட்டில் நின்று பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுவார். மஸ்கட் ஸ்டாம்ப் வந்தால் அது எனக்குத்தான் என்று ஐந்தரை வருஷமாக உன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதில்லை. திரு. டி. ஆபிரகாம் என்று பெரிய எழுத்தில் எழுது. தபால்காரர் அதைச் சத்தமாகப் படிக்கட்டும்.

உன் அம்மா,
ஈனிட் ஆபிரகாம்