வெட்டி எடுத்த மூச்சு

மார்ச் 4

ஆல்பம் வெளிவந்துவிட்டது. காலையிலிருந்து போனைக் கவிழ்த்தே வைத்திருக்கிறேன். முதல் ஆல்பத்துக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. அப்போது இழக்க என்ன இருந்தது எனக்கு?

மார்ச் 5

தங்கை வந்து விமர்சனங்களை வாசித்தாள். என் பின்னால் நின்று கோரஸ் பாடியே தலை நரைத்தவள். நல்லதை மட்டும் பொறுக்கி வாசிக்கிறாளோ என்று போனைப் பிடுங்கிப் பார்த்தேன். இல்லை, எல்லாமே நல்லதுதான். “உள்ளத்தை உருக்கும் சோல் இசையின் மூத்த குரல், இந்த வயதிலும் எங்கேயும் மூச்சு வாங்காமல் பாடியிருக்கிறார்” என்கிறார் ஒருவர். இன்னொருவரும் அதையே சொல்கிறார்.

மூச்சு வாங்காமலா? நானா? மாடி ஏறினால் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பேச்சே வருகிறது. ஸ்டுடியோவில் நாற்காலி போட்டு, வரிக்கு வரி நிறுத்தி நிறுத்தித்தானே பாடினேன்?

மார்ச் 6

பாடி முடித்தால், வெளிவரும்வரை கேட்க மாட்டேன். கேட்டால் திருத்திக்கொண்டே இருப்பேன் என்று பழகிய பழக்கம். அதுவே இப்போது காலை வாரிவிட்டது. இன்று கேட்டேன். ஒரு பாட்டிலும் ஒரு மூச்சுகூட இல்லை.

ஸ்டுடியோவில் பாட்டுகளை மிக்ஸிங் செய்து தொகுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். “மூச்சையெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டேன் மேடம். எல்லாருக்கும் பண்றதுதான். ரொம்ப சத்தமா இருந்துச்சு, உங்களுக்கே சங்கடமா இருக்குமேன்னு...” என்று இழுத்தாள். நல்லெண்ணம்தான். திட்ட வாய் வரவில்லை.

இருபத்தோராம் தேதி மேடை. டிக்கெட் தீர்ந்துவிட்டதாம். அந்த மூச்சு வாங்காத பொம்பளையைக் கேட்கத்தான் வருகிறார்கள். அவளுக்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 9

பயம். எழுத வேறொன்றுமில்லை.

மார்ச் 12

கேட்டவர்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு பஸ் டிரைவர், பல வருட ரசிகராம்: “பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்குமே, அது இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறீங்க.”

இவர் கண்டுபிடித்துவிட்டார். மற்றவர்கள்? மேடையில் என் குட்டு உடைந்தால்?

நிகழ்ச்சியை ரத்து செய்யலாமா என்று தங்கையிடம் கேட்டேன். “சரி, பண்ணிடு. அப்புறம்?” என்றாள். அப்புறம் என்ன? அப்புறம் நான் எங்கேயும் பாடப்போவதில்லை. அதை நினைத்தால் இதைவிடப் பயமாக இருக்கிறது.

மார்ச் 16

ஒத்திகை. கடைசிப் பாட்டின் நீளமான வரி பாதியில் நின்றுவிட்டது.

“அந்த எடத்துல நான் புகுந்து இழுத்துக்கறேன்க்கா. யாருக்கும் தெரியாது” என்றாள் தங்கை.

“எனக்குத் தெரியுமேடி! நீ வாயத் திறக்காத!” என்று கத்தினேன். கத்தியதில் மிச்சமிருந்த மூச்சும் போயிற்று. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 21

புடவை எடுத்து வைத்தாயிற்று. போகாமல் இருந்துவிட்டால் என்ன?

மார்ச் 22

போனேன். உட்கார்ந்தே பாடினேன். அந்த வரி வந்தது, பாதியில் நின்றது. கூட வாத்தியம் வாசித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். மைக்கில் என் மூச்சு மட்டும் கர் கர் என்று அரங்கம் முழுக்கக் கேட்டது. எழுந்து ஓடத் தோன்றியது. ஓடவும் மூச்சு வேண்டுமே. நான் சொன்னபடியே தங்கை வாயைத் திறக்கவில்லை. பாவி.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மெதுவா பாடும்மா. நாங்க எங்கயும் போயிடல.”

மீதி வரியைப் பாடினேன்.

மார்ச் 25

ஸ்டுடியோவுக்குப் போனோம். வெட்டிய மூச்சு எதையும் அந்தப் பெண் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒட்டி வரிசையாகப் போட்டுக் காட்டினாள்.

“யாருக்கா இது, நாய் துரத்தி ஓடி வந்தவ மாதிரி?” என்றாள் தங்கை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிப் பாட்டு நெருங்க நெருங்க ஒவ்வொன்றும் குறுகிக்கொண்டே வந்தது. கேட்கப் பயமாக இருந்தது. முழுவதும் கேட்டேன்.

“பாட்டுல அதது இருந்த எடத்துலயே திரும்ப வச்சிரும்மா” என்றேன்.

“எல்லாத்தையுமா மேடம்?”

“ஒண்ணு விடாம.”