பாலம் சுற்றி வரும் கம்பி

பிரின்கிளாஸ் பண்ணை, வேல்ஸ்
6 மார்ச் 2005

அன்புள்ள அலெட்,

நானும் மேகனும் சுகம், அவள்தான் தினமும் அப்பாவைக் கேட்கிறாள். ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன, எனக்குத் தூக்கமே இல்லை. ஃபோனில் சொல்லலாம் என்றால் லைனில் ஒரே இரைச்சல், நீயும் பாதியிலேயே "அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நமக்கு பிராட்பேண்ட் கிடையாதாம்! பின்கோடைப் போட்டுப் பார்த்துவிட்டு, கிடைக்கும் என்று அவர்களே எழுதி அனுப்பினார்கள். நேற்று கம்பெனி ஆள் வந்தான், பெட்டியைச் செருகினான், உதட்டைப் பிதுக்கினான். "டெலிபோன் எக்சேஞ்சுக்கு ரொம்பத் தூரம்மா. சிக்னல் வழியிலேயே செத்துடுது" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! சமையலறை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "அதோ பாருப்பா, ஆத்துக்கு அந்தப் பக்கம் பச்சைக் கதவு. அதுதானே உங்க எக்சேஞ்ச்? இங்கேருந்து கத்தினா அங்க கேக்கும்!"

"நேர்த் தூரம் கணக்கில்லம்மா. கம்பி ஓடுற தூரம்தான்."

கம்பி ஆற்றோரமாகவே போய், பாலத்தைத் தாண்டி, மலையைச் சுற்றி நம் வீட்டுக்கு வருகிறதாம். ஐந்து மைல்! 'வீட்டில் பிராட்பேண்ட் வந்தால் அங்கிருந்தே வரைபடம் போட்டு அனுப்பு' என்று உன் லண்டன் ஆபீசில் சொன்னதாக நீ சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு பாலமா உன்னை வீட்டுக்கு வரவிடாமல் தடுப்பது?

இந்த ஊர் வழக்கம் தெரியுமே, பால் ஊற்றுகிறவன் பால் டாய், ரொட்டி சுடுகிறவன் ரொட்டி மோர்கன் என்று ஆளுக்கொரு பட்டம். உனக்கும் வைத்துவிட்டார்கள்: அடுத்த மாச அலெட். போஸ்ட் ஆபீஸ் ஹெய்ல்வென் என் முகத்துக்கு நேரேயே சொல்லிச் சிரித்தாள். என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

உன் டெலித்

லண்டன்
20 மார்ச் 2005

அன்பு டெலித்,

அநியாயம்! லண்டனில் தெருவுக்கு நாலு பேர் பிராட்பேண்ட் விற்கிறார்கள், மலையில் இருப்பவன் மனுஷன் இல்லையா? விடாதே, எழுது. எனக்கு மட்டும் இங்கே ஒண்டிக் குடித்தனம் ஆசையா? கனெக்‌ஷன் வரட்டும், அடுத்த மாசமே வந்துவிடுகிறேன். மேகனுக்கு முத்தம்.

அலெட்

பிரின்கிளாஸ்
11 செப்டம்பர் 2005

அன்பே,

எத்தனை தடவை எழுதினாலும் கம்பெனிக்காரனிடமிருந்து ஒரே பதில்தான்: 'உங்கள் பின்கோடில் சேவை கிடைக்கிறது.' பின்கோடுக்கா வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது? எனக்குத்தானே!

கடைசியில் வழி சொன்னது எக்சேஞ்சை ஒட்டி மதுக்கடை வைத்திருக்கும் க்விலிம். அவர் கடையில் பிராட்பேண்ட் பறக்கிறது. "கம்பிதானே டெலித் சுத்தி வரணும்? ரேடியோ அலைக்கு என்ன கேடு, ஆத்தைத் தாண்டி நேரா வரட்டும்" என்றார். அவர் புகைபோக்கியில் ஒரு ஆன்டெனா, நம் ஆட்டுக் கொட்டகைக் கூரையில் ஒன்று. ஹெய்ல்வென்தான் ஏணியைப் பிடித்தாள். நீ அனுப்பிய பெரிய வரைபடம், முன்பெல்லாம் ராத்திரி பூராவும் இறங்குமே, தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டது! மேகன், "அப்பா இனிமே இங்கயே இருப்பாரா?" என்று குதிக்கிறாள். இருப்பார் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பி வா.

உன் டெலித்

லண்டன்
2 அக்டோபர் 2005

அன்பு டெலித்,

கெட்டிக்காரி நீ! ஆனால் கொட்டகைக் கூரையை நம்பி வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா? மழை அடித்தால் என்ன ஆகும்? ஆபீசிலும் இப்போது கொஞ்சம் யோசிக்கிறார்கள். முறையாகக் கம்பியிலேயே வரட்டும். கிறிஸ்துமஸ் போகட்டும், பார்க்கலாம். கோபப்படாதே.

அலெட்

பிரின்கிளாஸ்
23 அக்டோபர் 2005

அலெட்,

போன வாரம் விடாத மழை. ஆன்டெனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆபீசில் யோசிக்கிறார்கள் என்றாயே, எவ்வளவு வேகம் இருந்தால் போதும் என்று உன் மேலாளருக்கே மின்னஞ்சலில் கேட்டேன். மதியத்துக்குள் பதில். 'எங்களுக்கு ஒரு தடையும் இல்லையே அம்மா. லண்டனிலேயே இருந்துவிடுகிறேன் என்று அலெட்தானே போன வருஷம் கேட்டுக்கொண்டார்?'

போன வருஷம்! இந்த வருஷம் பூராவும் அந்தக் கம்பெனிக்காரனோடு மல்லுக்கு நின்றேனே, வீட்டுக்கு வந்த அவன் ஆளாவது தூரத்தை உள்ளபடி சொன்னான். நீ என்னை ஏணியில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்தாய். வர மனசில்லை என்று ஒரு வரி எழுத உனக்கு என்ன வந்தது? அப்பா இருப்பார் என்று மேகனிடம் நான் சொன்னது பொய் என்று இனி நீயே வந்து சொல். எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கப் போனேன். "எப்போ வர்றார் வீட்டுக்காரர்?" என்று கேட்டாள் ஹெய்ல்வென்.

"யாரு, அடுத்த மாச அலெட்டா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

டெலித்