மோதிரத்துக்குள் இருப்பது

விஷ்ராந்த்வாடி, புனே
புதன்கிழமை

அன்பு மகள் ஜான்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் உடம்புக்குச் சுகம். பெங்களூரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். பதறாமல் கடைசி வரை படி. அப்பா போன், என் போன், லேப்டாப் மூன்றையும் ஃபேக்டரிக்காரர்கள் நேற்று முன்தினம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் போனில் இதைப் பேச எனக்குப் பயம். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

எல்லாம் நீ கொடுத்த மோதிரத்தால் வந்தது. அப்பாவின் கிறுக்கு உனக்குத் தெரியாததா? பொத்தான் அளவு கேமரா, நகம் அளவு மெமரி கார்டு என்று எதைப் பார்த்தாலும் சோறு மறந்துபோகிற மனுஷன். கல்யாண மோதிரம் இறுகிப்போய், ஆஸ்பத்திரியில் அந்த மோதிரத்தை வெட்டி எடுத்தார்களே, அதே விரலில் ஆயிரம் சினிமா கொள்ளும் மோதிரத்தை மாட்டிவிட்டால் கேட்கவா வேண்டும்? உன் கம்பெனி இதைக் கடைக்குக் கொண்டுவரும்வரை யாரிடமும் காட்டாதீர்கள் என்று நீ சொன்னதற்கு நன்றாகத்தான் தலையாட்டினார்.

ஃபேக்டரி கேட்டில் போனையும் வாட்சையும் வழக்கம்போல் லாக்கரில் வைத்திருக்கிறார். கல்யாண மோதிரத்தை முப்பது வருஷமாக யாரும் கழற்றச் சொன்னதில்லை. அதே பழக்கத்தில் இதையும் போட்டுக்கொண்டு பத்தொன்பது நாள் உள்ளே போய் வந்திருக்கிறார். குண்டு செய்கிற இடத்துக்குள் பென் டிரைவ் கொண்டுபோனால் வேலை போய்விடும் என்று என்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! தன் விரலில் இருப்பதும் அதுதான் என்று உறைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கேண்டீனில் கூட வேலை செய்யும் ரவிசந்திரன் அண்ணனிடம் விரலை நீட்டி, இதற்குள் ஒரு லைப்ரரியே அடங்கும் என்றாராம். பின் மேசையில் செக்யூரிட்டி ஆபீசர் வடாபாவ் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

இப்போது அப்பா சஸ்பெண்ட், மோதிரம் அவர்கள் கையில். உள்ளே எதைப் பதிவு செய்தாய், யாருக்குக் கொடுக்க என்று குடைகிறார்கள். பாஸ்வேர்டைச் சொன்னால் விஷயம் அத்தோடு முடியும். நம் வீட்டுப் படங்களும் சர்ச் பாட்டும்தானே இருக்கின்றன. ஆனால் திறந்ததும் முதலில் வருவது நீ லேபில் நின்று பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிற வீடியோ. கழுத்தில் உன் கம்பெனி அட்டை. இந்த மோதிரம் கம்பெனியில் கேட்காமல் எடுத்து வந்த சாம்பிள், தெரிந்தால் கேஸ் போடுவார்கள் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை.

அதனால் அப்பா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ரவிசந்திரன் அண்ணன் நம் வீட்டுக்கே வந்து அப்பாவிடம், ஜெயசீலா, ஜெயிலில் போட்டுவிடுவார்கள், சொல்லிவிடு என்று கெஞ்சினார். இவர் பாட்டுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு அவர் டம்ளரைப் பார்த்தேன். டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது, இவர் இன்னும் ஆற்றிக்கொண்டேயிருந்தார்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. ஜான்சிக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், மகளே. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு மூன்று பேருக்கு மாவு அரைத்து வைப்பேன்.

உன் அம்மா,
மேரி